எவையேனும் ஐந்தனுக்கு விடையளிக்கவும்

மந்தாரக்குப்பம்,
செவ்வாய்க்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் குமரவேல் அவர்களுக்கு நல்லசாமி வணக்கம் கூறி எழுதுவது.

ஓசூரில் தாங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். இங்கே நானும் தங்கள் தங்கை சந்திராவும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்குக் குறை வைக்காமல் சுகம் என்றே எழுதுகிறேன். உண்மையைக் கேட்டால் என் இரத்த அழுத்தம் நூற்றைம்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு. ஒரே மாலையில் ஆறு நர்சுகள் ஆறு தடவை அளந்து, ஆறு தடவையும் இதே எண்தான் வந்தது. எனவே கருவியில் கோளாறு என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே புக முடியாது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நடந்த எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் காரணம். சென்ற தை மாதம் என் மகள் மலர்விழி உங்களுக்குப் போன் போட்டு, "மாமா, எங்க ஆஸ்பத்திரியில நர்சுங்களுக்குச் சங்கம் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், எப்படி மாமா ஆரம்பிக்கிறது?" என்று கேட்டாள். சுரங்கத்தில் முப்பது வருடம் சங்கம் நடத்திய தாய்மாமன் என்ன செய்திருக்க வேண்டும்? அடுத்த பஸ் பிடித்து வந்திருக்க வேண்டும். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பதிவுக்கு ஏழு பேர் போதும்மா. எழுத்து வேலைக்கு வெளியாளத் தேடாத. உங்கப்பா ரிட்டயர் ஆயி சும்மாதான குந்திகினு இருக்காரு, அவர ஆலோசகரா வெச்சுக்க." அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். சும்மா குந்திகினு இருப்பதைப் பற்றிய பகுதியை நானும் கேட்டேன்.

சங்கம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்தியவன். ஜனநாயகம், தேர்தல், உரிமைகள் எல்லாம் முப்பத்து நான்கு வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன். சங்கம் என்றால் ஒரு கொடி, கேட்டுக்கு முன்னால் ஒரு மைக், மைக்குக்கு முன்னால் நீங்கள். நர்சுகள் சங்கம் அப்படியில்லை. அவர்களுக்கு மூன்று ஷிப்ட். ஒருத்தி வீட்டுக்கு வரும்போது இன்னொருத்தி டூட்டிக்குப் போகிறாள். ஒரே வகுப்புப் பிள்ளைகள் மூன்று வெவ்வேறு நேரத்தில் பள்ளிக்கு வந்தால் நாம் பாடம் நடத்துவது எப்படி? ஒரே பாடத்தை மூன்று தடவை நடத்த வேண்டும். அப்படித்தான் ஒவ்வொரு கூட்டமும் மூன்று தடவை நடந்தது. மலர்விழி இருப்பது டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். அங்கே கூட்டம் போட்டால் நைட் ஷிப்ட் முடித்து வந்த மாப்பிள்ளை தூங்க முடியாது. ஆகவே எல்லாக் கூட்டமும் என் வீட்டில். எனக்கு எந்த ஷிப்டும் இல்லாததால் நான் மூன்றிலும் உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. கடிதம் யார் கையிலாவது கிடைக்கும். நூறு படுக்கை, ஐம்பத்தெட்டு நர்சுகள். பாதிக்கு மேல் காண்ட்ராக்ட். பதினோரு மாதத்துக்கு ஒரு ஆர்டர், பிறகு ஒரு நாள் 'பிரேக்', மறுபடி பதினோரு மாதத்துக்குப் புது ஆர்டர். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பிள்ளையை ஏப்ரல் மாதம் பள்ளியிலிருந்து நீக்கி, ஜூனில் புதுப் பிள்ளையாகச் சேர்த்து, வருடா வருடம் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பவித்ரா என்ற பெண் ஏறக்குறைய நான்கு வருடமாக ஒன்றாம் வகுப்பில் இருக்கிறாள். நான்கு ஆர்டர், மூன்று பிரேக். அந்தப் பெண் ஊசி போட்டால் குழந்தைகள் அழுவதற்கு மறந்துவிடுகின்றன என்று எல்லாரும் சொல்கிறார்கள். சங்கத்தில் சேர்ந்தது தெரிந்ததும், "இந்த மாசம் முப்பதாந் தேதியோட சரி, அடுத்த ஆர்டர் கிடையாது" என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். அவள் சம்பளத்தில்தான் தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். எனவே சங்கத்தின் மற்ற கோரிக்கைகள் எப்படிப் போனாலும், பவித்ரா முப்பதாம் தேதிக்குப் பிறகும் அந்த வார்டில் நிற்க வேண்டும் என்பதில் எல்லாரும் ஒரே பிடியாக இருந்தார்கள். நானும்தான்.

ஆள் சேர்த்த விதத்தைச் சொன்னால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். கூட்டமாகப் போய் யாரிடமும் பேசக்கூடாது என்பது மலர்விழியின் கட்டளை. யாருக்கு யார் நெருக்கம், யார் பேச்சை யார் கேட்பாள் என்று வார்டு வாரியாக ஒரு படம் வரைந்தாள். உறுப்பினர் படிவங்கள் சாப்பாட்டுப் பையில் போய், கையெழுத்தோடும் கொஞ்சம் புளிக்குழம்போடும் திரும்பி வந்தன. இரண்டு மாதமாகியும் இருபத்தேழைத் தாண்டவில்லை. பத்தொன்பது வருட சர்வீஸ் உள்ள சாமியம்மாள், அங்கே எல்லாருக்கும் மூத்தவர், கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, காபியைக் குடித்து முடித்து, "இன்னா வாத்தியாரே, இந்தப் பொண்ணுங்க நெசமா கட்சி கட்டிகினு நிப்பாளுங்களா, இல்ல மேனேஜர் ஒரு உறுமு உறுமுனா ஓடிப்புடுவாளுங்களா?" என்று கேட்டார். நிற்பார்கள் என்றேன். "அப்ப பேனாவக் குடு" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் பதினான்கு படிவம் வந்தது. அவரையே தலைவியாகவும் மலர்விழியைச் செயலாளராகவும் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தலுக்கு வாக்குப்பெட்டி என் வீட்டு முறுக்கு டின். சந்திரா அதைத் தினமும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் பெரிய கூட்டத்துக்கு எட்டுப் பேர் டூட்டி முடிந்த கையோடு யூனிபாரத்தில் வந்துவிட்டார்கள். வாசலில் எட்டு ஜோடி வெள்ளை ஷூ. எதிர்வீட்டுக் கலியம்மாளுக்கு இது போதாதா? "அய்யய்யோ வாத்தியாரே! காலைலகூட பால் வாங்கிகினு நல்லாதான வந்தாரு!" என்று அழுதுகொண்டே உள்ளே வந்தார். கதவைத் திறந்தது நான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப சந்திராவா?" என்று இன்னும் சத்தமாக ஆரம்பித்தார். சந்திரா காபி டம்ளர்களோடு சமையலறையிலிருந்து வந்ததும்தான் ஓய்ந்தார். அதற்குள் செய்தி தெருமுனையைத் தாண்டிவிட்டது. என்னோடு வேலை பார்த்த வரைதல் ஆசிரியர் செல்வகுமார் மாலையோடு வந்து சேர்ந்தார். பூக்கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்று மாலையை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். வாங்கி வைத்துக்கொண்டேன், வேறென்ன செய்வது? அன்றிலிருந்துதான் இந்த இரத்த அழுத்த விவகாரமும். கூட்டம் தொடங்கும்வரை சும்மா உட்கார அவர்களுக்குத் தெரியாது. யார் கையில் கருவி இருக்கிறதோ அவர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். காலை ஷிப்ட் உப்பை நிறுத்தியது, மத்தியான ஷிப்ட் ஊறுகாயை நிறுத்தியது, நைட் ஷிப்ட் காபியை நிறுத்தியது. நிர்வாகத்திடம் அதுவரை ஒரு கோரிக்கையைக்கூட வாங்கியிராத சங்கம் என்னிடம் மூன்றை ஒரே வாரத்தில் வாங்கிவிட்டது.

பேச்சுவார்த்தைக்கு ஒத்திகை பார்க்க வேண்டும் என்று யோசனை சொன்னவன் நான்தான். தேர்வுக்கு முன் மாதிரித் தேர்வு வைப்பதில்லையா? நான் நிர்வாகமாக நடிப்பது, அவர்கள் கேட்பது. நான் சற்று நன்றாகவே நடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரிக்கும் செலவு இருக்கிறதே என்றேன், போட்டி ஆஸ்பத்திரி வந்துவிட்டதே என்றேன், நோயாளிதானே நமக்குத் தெய்வம் என்றேன். இரண்டு பெண்கள் தலையாட்டிக்கொண்டே என் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பவித்ரா எழுந்து, நான்கு வருடமாக வேலை செய்கிறேன், பெர்மனென்ட் செய்யுங்கள் என்றாள். "நான்கு வருடமில்லை. பதினோரு மாதம்தான். பிரேக் நாளில் ஆஸ்பத்திரிக்கும் உனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்றேன்.

"பிரேக் அன்னிக்கும் ஆளு இல்லன்னு என்னியதான் கூப்பிட்டாங்க சார். மூணு தடவையும் வந்து டூட்டி பாத்தேன் சார்."

"சாட்சி?" என்றேன்.

பவித்ரா அழுதுவிட்டாள். சாமியம்மாள் என்னைப் பார்த்து, "யோவ் வாத்தியாரே, நீ பேசாம அந்தப் பக்கமே வேலைக்குப் போயிடு" என்றார். மலர்விழி மட்டும் எதையோ நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இனிமேல்தான் விஷயத்துக்கே வருகிறேன். கோரிக்கைகளை எழுதும் பொறுப்பு என்னுடையது. வினாத்தாள் தயாரிப்பதில் எனக்கு ஒரு கொள்கை உண்டு: சுலபமானவை முதலில், கடினமானவை கடைசியில். முதல் பக்கத்திலேயே பயமுறுத்தினால் நல்ல பிள்ளைகூடப் பேனாவை வைத்துவிடும். அதே வரிசையில் எட்டும் எழுதினேன். ஒன்று, டூட்டிப் பட்டியலை ஒரு வாரம் முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். இரண்டு, அவரவருடைய ஆர்டர்களின் நகலை அவரவரிடம் கொடுக்க வேண்டும். பிறகு உடை மாற்றும் அறைக்கு ஒரு கண்ணாடி, நைட் ஷிப்டுக்கு டீ, அலமாரிகளுக்குப் பூட்டு. ஆறாவதிலிருந்துதான் கனமானவை. நைட்டில் ஒரு நர்சுக்கு இருபத்திரண்டு நோயாளி என்பதைப் பத்தாகக் குறைக்க வேண்டும். இரண்டு வருடம் கடந்த காண்ட்ராக்ட் நர்சுகளைப் பெர்மனென்ட் செய்ய வேண்டும். எட்டாவது சம்பளம். மலர்விழி எல்லாவற்றையும் படித்துவிட்டு முதல் கோரிக்கைக்கு ஒரு வால் சேர்க்கச் சொன்னாள்: "கடந்த ஐந்து வருடப் பட்டியல்களையும் சங்கம் கேட்கும்போது காட்ட வேண்டும்." வாக்கியம் நீண்டுவிடும், படிக்கிறவன் பாதியில் விட்டுவிடுவான் என்றேன். "விடட்டும்பா" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாக்கிய அமைப்பில் அக்கறையே இல்லை.

கடைத்தெருவில் டைப் அடிக்கிற அய்யாசாமியை உங்களுக்குத் தெரியும். என் வினாத்தாள்களையெல்லாம் இருபது வருடமாக அடித்துக் கொடுத்தவர். கையெழுத்துப் பிரதியை அவரிடம் கொடுத்தேன். அவர் புதிதாக ஏன் தொடங்க வேண்டும் என்று என் பழைய அரையாண்டுத் தேர்வு வினாத்தாளைத் திறந்து, அதன்மேலேயே அடித்திருக்கிறார். பள்ளியின் பெயரை எடுத்துவிட்டுச் சங்கத்தின் பெயரைப் போட்டார். மதிப்பெண்ணை எடுத்தார். நேரத்தை எடுத்தார். ஒரு வரியை மட்டும் எடுக்கவில்லை. கோரிக்கைகளுக்கு மேலே, நடுவில், அழகாகக் கோடிட்டு: "எவையேனும் ஐந்தனுக்கு விடையளிக்கவும்."

மைத்துனரே, நான் அதை மூன்று தடவை பிழை திருத்தினேன். இரண்டு ஒற்றுப்பிழை கண்டுபிடித்தேன். இந்த வரி என் கண்ணில் படவே இல்லை. படாமல் இல்லை, பட்டது. முப்பத்து நான்கு வருடம் பார்த்த வரி, அந்த இடத்தில் அது இல்லாவிட்டால்தான் எனக்கு ஏதோ குறை என்று தோன்றியிருக்கும். எல்லாம் முடிந்த பிறகு அய்யாசாமியிடம் போய்க் கத்தினேன். "சார், அந்த லைன் இல்லாம உங்க பேப்பர் ஒண்ணுகூட நான் அடிச்சதே இல்லீங்களே சார்" என்று அவர் என்னிடமே வருத்தப்பட்டார். ஆனால் அதற்கு முன்பே மலர்விழியும் தலைவியும் கையெழுத்துப் போட்டு, அது நிர்வாகத்துக்குப் போய்விட்டது.

நிர்வாகத்தில் இதைப் படிப்பவன் யார்? மணிமாறன், நிர்வாக அலுவலர். என் மாணவன். பத்தாம் வகுப்பு பி பிரிவு, மூன்றாவது பெஞ்சு. கெட்ட பையன் இல்லை. ஆனால் வினாத்தாளைக் கையில் வாங்கியதும் எதை எழுதலாம் என்று பார்க்க மாட்டான், எதைச் சாய்ஸில் விடலாம் என்றுதான் பார்ப்பான். சுலபமானதாக ஐந்தைப் பொறுக்கிக்கொண்டு, அதையும் பாதி படித்துவிட்டு எழுத ஆரம்பித்துவிடுவான். மலர்விழி சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் இந்த உதாரணத்தை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்: கேள்வியைக் கடைசிவரை படி, மணிமாறனைப் போல இருக்காதே.

நான்காவது நாள் பதில் வந்தது. முத்திரை, பெரிய டாக்டரின் கையெழுத்து, எல்லாம் முறைப்படி. "தாங்கள் கேட்டுக்கொண்டவாறே எட்டில் ஐந்தனுக்கு விடையளிக்கிறோம். 1 முதல் 5 வரையிலான கோரிக்கைகளை நிர்வாகம் முழுமையாக ஏற்கிறது. ஏனைய மூன்றும் சாய்ஸில் விடப்படுகின்றன."

சாமியம்மாள் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "ஏன் வாத்தியாரே, நீ சாய்ஸ் குடுத்தது எங்களுக்கா, அவனுக்கா?" என்றார். ஒரு பெண், கண்ணாடி வரப்போகிறதே, அதில் நம் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், எந்த மாதிரிச் சிரிப்பு என்று உங்களுக்குத் தெரியும். மலர்விழி, "சரிப்பா, விடு" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தாள். திட்டியிருந்தால் நான் தேறியிருப்பேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்கறிக் கடையில் மணிமாறன் எதிரே வந்தான். வண்டியை நிறுத்தி, இறங்கி, "சார், மனசு கஷ்டப்படாதீங்க சார். உங்க பேப்பர்ல வாழ்க்கையில மொதத் தடவ நூத்துக்கு நூறு வாங்கிட்டேன் சார்" என்று சொல்லி, மரியாதையாக என் பையையும் வாங்கி வீடுவரை கொண்டுவந்து கொடுத்தான். திமிராகப் பேசியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். முருங்கைக்காயைச் சுமந்துகொண்டு வருகிறவனை என்ன சொல்வது?

மறுநாள் பவித்ரா வந்தாள். ஒரு பாத்திரம் நிறையப் பலாச்சுளை கொண்டுவந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "விடுங்க சார், நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க? முப்பதாந் தேதிக்கு அப்புறம் பண்ருட்டியில ஏதாச்சும் கிளினிக்ல கேட்டுப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல என் கையில் பட்டையைக் கட்டி அளந்தாள். நூற்றைம்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு. எண்ணை என்னிடம் சொல்லாமல் சந்திராவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது கடைசியாக ஒரே ஒரு பேச்சுவார்த்தைக்கு நிர்வாகம் சம்மதித்திருக்கிறது. வரும் வியாழக்கிழமை காலை பதினோரு மணி. ஏற்றுக்கொண்ட ஐந்தை ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்துப் போடுவதற்காம். ஏழாவதை, அதுதான் பெர்மனென்ட் விஷயத்தை, அங்கே எப்படி எழுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எத்தனையோ மேசைகளில் உட்கார்ந்தவர். இந்தக் கடிதம் நாளைக்குக் கிடைத்துவிடும்; கிடைத்த கையோடு பஸ் ஏறுங்கள். ஆலோசகர் பொறுப்பிலிருந்து நான் இன்றோடு விலகுகிறேன். என் வீட்டில் இனி எந்தக் கூட்டமும் கிடையாது. வெள்ளை ஷூ எதையும் என் வாசலில் பார்க்க விரும்பவில்லை. முறுக்கு டின்னை முறுக்குக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு பெண்ணின் வேலை என் வினாத்தாளால் போயிற்று என்ற பேச்சோடு நான் இந்தத் தெருவில் காய்கறி வாங்கப் போக முடியாது.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், எதையும் கடைசிவரை படிக்கும் பழக்கத்தோடும் வளர என் மனமார்ந்த ஆசிகள்.

தங்கள் வருகையை எதிர்பார்த்து வாசலையே பார்த்திருக்கும்,
நல்லசாமி

பி.கு.: வெள்ளிக்கிழமை மாலை. மேலே எழுதியதில் இரத்த அழுத்தத்தைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம். நீங்கள் வரவும் வேண்டாம். செவ்வாயன்றே தபாலில் போடச் சொல்லி இந்தக் கடிதத்தைச் சந்திராவிடம் கொடுத்தேன். நேற்று ராத்திரி சர்க்கரை எடுக்கப் போனபோது காபித்தூள் டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. "அவரு வந்தா பேசிப்பேசியே காரியத்தக் கெடுத்துடுவாரு, அதான் போடல" என்றாள். உங்களைப் பற்றி நான் சொன்னதல்ல. உங்கள் தங்கை சொன்னது.

நடந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை ஆள் இல்லாததால் நானே போய் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பெரிய டாக்டர், மணிமாறன் ஒரு பக்கம். மலர்விழி, சாமியம்மாள், பவித்ரா மறுபக்கம். ஐந்தையும் படித்தார்கள். கண்ணாடி சரி, டீ சரி, பூட்டு சரி. ஆர்டர் நகல்களை மணிமாறன் முதல் நாளே எல்லாருக்கும் கொடுத்துவிட்டிருந்தான். மலர்விழி, "அப்ப ஒண்ணாவது கோரிக்கைப்படி பழைய டூட்டிப் பட்டியலையும் பாத்துடலாம் சார்" என்றாள். அவன் புரியாமல் பார்த்தான். அவள் அந்த வாலைக் காட்டினாள். கேட்டதைக் கொடுக்கிற பெருந்தன்மையோடு பைல்களை எடுத்துவரச் சொன்னான். பவித்ரா தன் நான்கு ஆர்டர்களையும் மேசையில் வரிசையாக வைத்தாள். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதற்கு இடையில் மூன்று தேதிகள். மலர்விழி அந்த மூன்று தேதிகளின் பட்டியலையும் பைலிலிருந்து எடுத்து ஆர்டர்களுக்கு இடையில் வைத்தாள். மூன்றிலும் மூன்றாம் வார்டு, காலை ஷிப்ட், பவித்ரா. கீழே பச்சை மையில் மணிமாறனின் கையெழுத்து.

பெரிய டாக்டர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். "மணிமாறா, நம்மகிட்ட வேலையிலயே இல்லாத ஆளுக்கா டூட்டி போட்டிருக்க?" என்றார். மணிமாறன் என்னைப் பார்த்தான். தேர்வு அறையில் பார்ப்பானே, அதே பார்வை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கேள்வியக் கடைசிவரைக்கும் படிச்சியாடா?" என்றேன்.

இரண்டரை மணி நேரம் பேசினார்கள். சாமியம்மாள், "அந்த மூணு நாளும் இந்தப் பொண்ணு வர்லன்னா வார்ட யாரு பாத்துகினு இருந்திருப்பா, நீங்களா டாக்டரே?" என்று ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார், அதற்குப் பிறகுதான் டாக்டர் பேனாவைக் கையில் எடுத்தார். பவித்ராவும் அவளைப் போன்ற இன்னும் பதினொரு பேரும் பெர்மனென்ட். நைட்டில் ஒரு நர்சுக்கு நோயாளிகள் பத்து கேட்டோம், பன்னிரண்டில் நின்றது. சம்பளம் தை மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. அது கிடைக்காது என்று சாமியம்மாள் சொல்கிறார். கிடைக்கும் என்று நான் சொல்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு மலர்விழியிடம், எப்படியோ என் தப்பு நல்லதாக முடிந்தது என்றேன்.

"உன் தப்பாப்பா? அந்த லைன நான் அய்யாசாமி அண்ணன் கடையிலயே பாத்துட்டேன். பிரிண்ட் வரும்போதே."

"அழிக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் போனேன். அப்புறம் யோசிச்சேன். எட்டு கேட்டா எட்டும் இல்லன்னுதான் சொல்லுவாங்க. அஞ்சு போதும்னா மணிமாறன் சார் எந்த அஞ்ச எடுப்பாரு, எத பாதி படிச்சுட்டு விடுவாரு? நீதான நூறு தடவ சொல்லியிருக்க."

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே, பத்து நாளாகச் சோறு இறங்கவில்லையே என்றேன். "உன் மூஞ்சிக்குப் பொய் சொல்லத் தெரியாதுப்பா. காய்கறிக் கடையில உன்னப் பாத்துட்டுப் போயி, வாத்தியாரே நொந்துட்டாரு, இனிமே ஒண்ணுமில்லன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்காரு. அதனாலதான் அந்தப் பைலு பத்திரமா அங்கயே இருந்துச்சு" என்றாள். பவித்ராவுக்குக்கூடச் சொல்லவில்லையாம். சந்திராவுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே தெரியுமாம். பத்து நாள் எனக்கு உப்பில்லாமல் சமைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை சொன்னாளா பாருங்கள், உங்கள் தங்கை!

ஞாயிற்றுக்கிழமை லேப் டெக்னீஷியன்கள் வருகிறார்களாம், அவர்களுக்கும் ஏதோ பதினோரு மாதத் தகராறு. முறுக்கு டின்னை மறுபடி காலி செய்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தின் நகலை இப்போதுதான் பார்த்தேன். நிர்வாகமும் அய்யாசாமி கடையில்தான் அடித்திருக்கிறது. ஊரில் வேறு கடை ஏது? இரண்டு பக்கத்தார் பெயருக்கும் கீழே, நடுவில், அழகாகக் கோடிட்டு ஒரு வரி: "அனைத்து வினாக்களும் கட்டாயம்." இந்தத் தடவை அய்யாசாமி அழிக்க மறந்ததா, மலர்விழி போடச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. மணிமாறன் ஒவ்வொரு பக்கத்திலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். படித்திருக்க மாட்டான்.